கார்பன் கிரெடிட் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: முசிறி பக்கம் செம்மண் நிலம். 3 ஏக்கரில் மக்காச்சோளம், கடலை. 1 ஏக்கரில் நெல். மண்வள அட்டையில் அங்ககக் கரிமம் (மக்கிய பொருளிலிருந்து மண்ணில் சேர்ந்த கார்பன்) 0.38 சதவீதம் என்று இருக்கிறது. தட்டையைக் கொளுத்தாமல் மண்ணில் மடக்கினால் கார்பன் கிரெடிட் பணம் வரும் என்று ஒரு நிறுவனத்தின் ஆள் 10 வருடப் பத்திரம் நீட்டுகிறார். சிட்டா நகலும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் ஐயா, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கார்பன் கிரெடிட் என்பது, காற்றில் சேராமல் தடுத்த அல்லது மண்ணில் சேர்த்துவைத்த கார்பனுக்குத் தரும், விற்கக்கூடிய சான்று.

ஒரு ஏக்கரில் அரையடி ஆழ மண் சுமார் 850 டன் இருக்கும். கரிமம் 0.1 சதவீதம் கூடினால் 850 கிலோ. அதை கார்பன் டை ஆக்சைடாக மாற்றிப் பார்த்தால் ஏறக்குறைய 3 டன். ஒரு டன்னுக்கு ஒரு கிரெடிட். ஆக, 3 ஏக்கருக்கு 9 கிரெடிட். பேச்சுக்கு ஒன்று ஆயிரம் ரூபாய் என்றாலும் 9,000 ரூபாய்தான். அதிலும் பரிசோதனைச் செலவு, நிறுவனத்தின் பங்கு எல்லாம் போக மிச்சம் என்ன நிற்கும்? நம் வெயிலில் போட்ட எருவில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று காற்றில் விட்டுவிடும். அந்த 0.1 ஏறவே சில வருடங்கள் ஆகும்.

நெல் ஏக்கர் கதை வேறு. தேங்கிய நீரில் மீத்தேன் கிளம்பும். நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பம் பிடிக்கும். வயலில் ஓட்டை போட்ட குழாயைப் புதைத்து, அதற்குள் பார்த்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே அரையடி இறங்கியதும் பாய்ச்சினால் மீத்தேன் நன்றாகக் குறையும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடாதீர்கள். கிரெடிட் வராவிட்டாலும் மோட்டார் ஓடும் நேரம் மிச்சம்.

பத்திரத்தைத் தமிழில் கேளுங்கள். உங்கள் பங்கு மொத்த வருமானத்திலா, செலவு போக மிஞ்சியதிலா? நடுவில் நிலத்தை விற்றால், குத்தகைக்கு விட்டால் என்ன ஆகும்? ஒரு வருடம் தட்டையைக் கொளுத்த நேர்ந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வரும்வரை சிட்டா நகல் வீட்டிலேயே இருக்கட்டும். மத்திய வேளாண் அமைச்சகம் 2024 ஜனவரியில் தன்னார்வக் கார்பன் சந்தைக்கு (சட்டக் கட்டாயம் இல்லாமல் விரும்பி கிரெடிட் வாங்கும் சந்தை) ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி நடக்கிறீர்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் 0.38 குறைவுதான். 0.5-க்குக் கீழ் போனாலே செம்மண் சீக்கிரம் காயும், போட்ட உரமும் நிற்காது. அதனால் கிரெடிட்டுக்காக இல்லை, உங்கள் பயிருக்காகவே கரிமத்தை ஏற்றுங்கள். மக்காச்சோளத்துக்கு முன் ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழுவுரம் போடுங்கள். தண்ணீர் இருந்தால் பசுந்தாள் உரப் பயிரான சணப்பு விதைத்து, பூக்கும்போது, அதாவது 45 நாளில் மடக்கி உழுங்கள். தட்டையை நறுக்கிப் போட்ட கையோடு விதைக்காதீர்கள். அது மக்கும்போது நுண்ணுயிர்கள் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், இளம்பயிர் வெளுத்துவிடும். ஈரத்தோடு சில வாரம் மக்கவிட்டு அப்புறம் விதையுங்கள்.

அடுத்த மண் மாதிரியை அறுவடைக்குப் பின், இதே இடங்களில், ‘வி’ வடிவக் குழி வெட்டி அரையடி ஆழத்தில் எடுத்து, இதே ஆய்வகத்துக்குக் கொடுங்கள். 0.42 என்று வந்தால் கரிமம் ஏறிவிட்டதாக நினைக்க வேண்டாம். அவ்வளவு வித்தியாசம் சோதனையிலேயே வரக்கூடியது.