ரிப்பிள் என்றால் சின்ன அலை மட்டும்தானா?

தண்ணீரில் எழும்புவதும் ரிப்பிள், பவர் சப்ளையில் வருவதும் ரிப்பிள், கிரிப்டோ காசும் ரிப்பிள், இத்தனைக்கும் எப்படி ஒரே சொல் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கொழும்பு வெள்ளவத்தையில் பழைய அம்ப்ளிஃபயர், ரேடியோ திருத்துகிற ஆள், அதனால் எனக்கு இந்தச் சொல் தண்ணீரை விடக் கரண்டோடுதான் பழக்கம். ஆனாலும் தண்ணீரிலிருந்தே தொடங்குவோம்.

காலிமுகத்திடலில் கரைக்கு வந்து அடிக்கும் கடலலையை யாரும் ரிப்பிள் என்று சொல்லமாட்டார்கள். காற்றில்லாத காலையில் பேரை வாவிப் பக்கம் நின்று பாருங்கள், ஒரு கூழைக்கடா தண்ணீரில் மெல்ல அசைந்தாலே நெருக்க நெருக்கமாக வரிகள் விரிந்து போகும், அதுதான். அளவு மட்டுமல்ல வித்தியாசம். எழும்பிய பெரிய அலையைத் திரும்பக் கீழே இழுப்பது புவியீர்ப்பு. அலையின் நீளம் சுமார் 1.7 சென்ரிமீற்றருக்குக் கீழே போனால் அந்த வேலையின் பெரும்பங்கை மேற்பரப்பு இழுவிசை, அதாவது தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் மாதிரி நிற்கிற விசை, எடுத்துக்கொள்கிறது. ஆழ்கடலில் நீளமான அலைதான் வேகமாக ஓடும், இந்தக் குட்டி வரிகளிலோ நீளம் குறையக் குறைய வேகம் கூடும்!

சரி, கரண்டுக்கு வருவோம். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய்வருகிற கரண்ட். கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டயோட் நாலு போட்டு அதை ஒரே திசைக்குத் திருப்பினால், முன்னே ஒன்று பின்னே ஒன்று என்று செக்கனுக்கு 100 தடவை ஏறி இறங்குகிற டீசி (ஒரே திசைக் கரண்ட்) கிடைக்கும், அதை மட்டமாக்கத்தான் சார்ஜைச் சேர்த்து வைக்கிற பெரிய கப்பாசிட்டர். மட்டமாக்கியும் மிஞ்சி நிற்கிற ஏற்ற இறக்கத்தைத்தான் ரிப்பிள் என்கிறோம். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து கப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் காய்ந்தால் ரிப்பிள் கூடி, ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று இரையும். வொலியூமை முழுக்கக் குறைத்தும் அந்த இரைச்சல் போகவில்லையா, முதலில் கப்பாசிட்டரைச் சந்தேகப்படுங்கள். (பிளக்கைக் கழற்றியதும் கையை வைக்காதீர்கள், உள்ளே சார்ஜ் நிற்கும்.) புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் புதிது வாங்கினால் மைக்ரோஃபரட் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) அதேயளவாக, வோல்ட் குறையாமல், முடிந்தால் சூடு தாங்கும் அளவு 105 பாகை என்று அச்சிட்டதாகப் பார்த்து எடுங்கள்.

ஆக, மட்டமாக இருக்கவேண்டிய ஒன்றின் மேல் ஓடும் சின்ன ஏற்ற இறக்கம் என்று வைத்துக்கொண்டால் தண்ணீருக்கும் சரி, கரண்டுக்கும் சரி, பொருந்தும். சபையில் மெல்லப் பரவுகிற சிரிப்புக்கும் கைதட்டலுக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்லைப் போடுவதும் அப்படித்தான்.

எனக்குப் பிடிக்காதது 'ரிப்பிள் எஃபெக்ட்'. டீசல் விலை ஏறியதும் லொறிக் கூலி ஏறி, மரக்கறி ஏறி, கடைசியில் சோற்றுப் பார்சலும் ஏறுகிறதே, அதற்கு இந்தப் பெயரைச் சொல்கிறார்கள். தண்ணீரில் வட்டம் விரிய விரிய அலை தளர்ந்துதான் போகும். நம் ஊரில் விலை எங்கே தளர்கிறது?

கிரிப்டோவில் பெரிதாக ஒன்றுமில்லை. ரிப்பிள் என்பது கம்பனியின் பெயர், காசின் பெயர் எக்ஸ்ஆர்பி, 2012 இல் வந்தது. அப்புறம், அகராதியில் ஆளிச் செடித் தண்டிலிருந்து விதையை உதிர்க்கிற சீப்புக்கும் ரிப்பிள் என்று போட்டிருப்பார்கள், குழம்பவேண்டாம், எழுத்து ஒன்றுதான், அது வேறு வேரிலிருந்து வந்த வேறு சொல்.