ஸ்டியரிங் ஆயில் கறுத்திருக்கு, லெவல் சரியா இருக்கு: மாற்றணுமா?

உங்கள் காரின் பவர் ஸ்டியரிங் ஆயில் கறுத்திருக்கிறது, தீய்ந்த வாடை அடிக்கிறது, காலையில் திருப்பும்போது முனகல் சத்தமும் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கறுத்ததோடு வாடையும் அடிக்கிறது என்றால் மாற்றியே ஆகணும். லெவல் சரியாக இருப்பதால் ஆயில் நல்லது என்றாகாது.

எவ்வளவு அவசரம் என்று தெரிய, முதலில் ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் விடுங்கள். சிவப்பாகவோ இளம்பழுப்பாகவோ பரவினால் அவசரமில்லை. நடுவில் கறுப்பு வண்டல் நின்றால் உடனே மாற்றுங்கள். உலோகத் துகள் மினுக்கினால் ஆயிலை அழுத்தித் தள்ளும் பம்பே தேய்கிறது, ஆயில் மாற்றி அது தீராது.

காலையில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது வரும் முனகல் சத்தம் வேறு கதை. இன்ஜின் ஓடும்போது ஆயில் டப்பாவுக்குள் எட்டிப் பாருங்கள். நுரைத்தால் காற்று புகுகிறது. பெரும்பாலும் டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் ஹோஸின் கிளாம்ப் (இறுக்கும் வளையம்) தளர்ந்திருக்கும்.

மாற்றுவது சுலபம். இன்ஜினை அணைத்து, பெரிய சிரிஞ்சால் டப்பாவில் இருப்பதை உறிஞ்சிவிட்டுப் புதிது ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்து ஸ்டியரிங்கை இரு பக்கமும் சில தடவை திருப்புங்கள். நிறம் தெளியும்வரை இதையே திரும்பச் செய்யணும். கடைசிவரை ஒடித்து 5 விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், பம்ப் சூடேறும்.

மூடியில் எழுதியிருக்கும் வகைதான் வாங்கணும். கையில் இருக்கிறதே என்று பிரேக் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுப்போகும்.