ஒற்றை அறை வக்கீல்

அன்புள்ள ஐயா,

தாத்தா விட்டுச் சென்ற தோட்டத்தில் அம்மாவுக்குப் பங்கு இல்லை என்று மாமாக்கள் கைவிரித்துவிட்டார்கள். வழக்குப் போட ஒரு வக்கீலைப் பார்த்தோம். ஒற்றை அறை, ஒரு ஜூனியர், ஒரு குமாஸ்தா. இணையத்தில் தேடினால் பெயரும் முகவரியும்தான் வருகின்றன. சொந்தக்காரர்கள் ஐகோர்ட்டில் பெரிய வக்கீலாகப் பிடிக்கச் சொல்கிறார்கள். இவருடைய பின்னணியை எப்படித் தெரிந்துகொள்வது?

எம்., உசிலம்பட்டி

அன்புள்ள எம்.,

நானும் மதுரையில் ஒற்றை அறை வக்கீல்தான். சொல்வதில் கொஞ்சம் இனப்பாசம் இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

இணையத்தில் அதிகம் கிடைக்காதது நல்லதுதான். வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. 2008-ல் அதைத் தளர்த்தியபோதும் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்த வகை வழக்கு என்ற அளவுக்குத்தான் இடம் கொடுத்தார்கள். ஜெயித்த வழக்குகளைப் படம் போட்டுக் காட்டுகிறவரிடம்தான் யோசிக்க வேண்டும்.

ஐகோர்ட் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். 2004-ல் ஒத்தக்கடைப் பக்கம் மதுரைக் கிளை வந்ததிலிருந்து நம் ஊரில் எல்லோருக்கும் அங்கே ஒரு வக்கீலைத் தெரிந்திருக்கிறது. பாகப்பிரிவினை வழக்கு கீழ்க்கோர்ட்டில் தொடங்குவது. உங்கள் மாமா கூண்டில் ஏறும்போது குறுக்கு விசாரணை செய்யப்போவது யார் என்று கேளுங்கள்.

அந்த வக்கீல் முதல் நாள் உங்களிடம் என்னென்ன கேட்டார்? அதில்தான் அவருடைய பின்னணி இருக்கிறது. தோட்டம் தாத்தா சம்பாதித்து வாங்கியதா, பூர்வீகமாக வந்ததா? உயில் உண்டா? சொந்தச் சம்பாத்தியம், உயிலும் இல்லை என்றால் 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. பூர்வீகம் என்றால் கதை நீளும். தமிழ்நாடு 1989-ல் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் உரிமை கொடுத்தபோது, அதற்கு முன்பே கல்யாணமானவர்களை வெளியே நிறுத்திவிட்டது. 2005-ல் வந்த மத்தியத் திருத்தம் அவர்களையும் உள்ளே அழைத்தது. அப்போது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் 20.12.2004-க்கு முன்பே பத்திரம் பதிந்து பாகம் பிரித்திருந்தால் அந்தத் திருத்தம் கைகொடுக்காது.

ஆகவே, "கல்யாணம் 89-க்கு முன்பா?" என்று கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினால், அந்த மனிதர் அதற்குப் பிறகு சட்டப் புத்தகத்தைத் திறக்கவில்லை. "பாகப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா, வில்லங்கம் போட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்டிருந்தால் தாராளமாக வக்காலத்தில் கையெழுத்துப் போடலாம்.

குமாஸ்தாவையும் கவனியுங்கள். நல்ல குமாஸ்தா வாய்தா தேதியை டைரியில் ஒரு முறை, கேஸ் கட்டின் மேலட்டையில் ஒரு முறை எழுதுவார். துண்டுச் சீட்டில் எழுதிக் கட்சிக்காரர் கையிலும் கொடுப்பார். எங்கள் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரே நேரத்தில் இரண்டு கோர்ட்டில் கூப்பிட்டால் ஒன்றில் ஜூனியர் போய் வாய்தா வாங்குவார். வழக்குகள் இழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஃபீஸுக்குப் பதிலாகத் தோட்டத்தில் பங்கு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், விதி அதை அனுமதிப்பதில்லை. நாளை வக்கீலை மாற்ற நேர்ந்தால், ஃபீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைப் பிடித்து வைக்கவும் முடியாது. 2000-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

செலவுக்குத் தயங்கினால் மாவட்ட நீதிமன்றத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அம்மாவை அழைத்துப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசமாக வக்கீல் தருவார்கள்.