ஐவரை வீழ்த்தியவரும் ஆட்டத்தை வென்றவரும்: வாசகர் கேள்வி பதில்

கே: அமெரிக்க பேஸ்பாலின் ஆல் ஸ்டார் ஆட்டம் ஒன்றில் ஒரு பந்து வீச்சாளர், எதிரணியின் முதல் ஐந்து ஆட்டக்காரர்களையும் வரிசையாக ஸ்ட்ரைக் அவுட் (அடிக்கத் தவறிய அல்லது அடிக்காமல் விட்ட மூன்று நல்ல பந்துகளில் வெளியேற்றுவது) செய்தார் என்று படித்தேன். அவர் யார்? செய்தி உண்மைதானா?

ப: பெரும்பகுதி உண்மை, ஆனால் ‘முதல் ஐந்து பேர்’ என்பது மட்டும் தவறு. 1934 ஜூலை 10 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் நடைபெற்ற இரண்டாவது ஆல் ஸ்டார் ஆட்டத்தில் (அமெரிக்கன், நேஷனல் என்ற இரு லீக்குகளின் சிறந்த ஆட்டக்காரர்கள் மோதும் ஆட்டம்), நேஷனல் லீக் அணிக்காகப் பந்து வீசிய கார்ல் ஹப்பெல்தான் அவர். அவர் நியூயார்க் ஜயன்ட்ஸ் கழகத்தின் இடக்கை வீச்சாளர். அன்றைய ஆட்டம் அவருக்கு மோசமாகவே தொடங்கியது. அமெரிக்கன் லீக்கின் முதல் ஆட்டக்காரர் சார்லி கெரிங்கர் பந்தை அடித்துவிட்டு முதல் பேஸை (ஓட்டக்காரர் வரிசையாகத் தொட வேண்டிய நான்கு நிலைகளில் முதலாவதை) அடைந்தார். நடுக்களத்தில் வாலி பெர்கர் பந்தைத் தடுமாறவிட, இரண்டாவது பேஸுக்கும் சென்றுவிட்டார். அடுத்து வந்த ஹைனி மனுஷுக்கு நான்கு தவறான பந்துகள் வீசி, அவரையும் முதல் பேஸுக்குச் சும்மா நடந்துபோக விட்டார் ஹப்பெல். ஒருவர்கூட அவுட்டாகவில்லை, இரண்டு பேர் பேஸில் நிற்கிறார்கள், மட்டையோடு எதிரே வந்து நிற்பவர் பேப் ரூத்.

கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) காபி ஹார்ட்நெட் அப்போது தம்மிடம் வந்து, உனக்கே உரிய அந்த ஸ்க்ரூபாலை மட்டும் வீசு என்று சொன்னதாக ஹப்பெல் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ரூத் மூன்றாவது ஸ்ட்ரைக்கை மட்டையை அசைக்காமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட்டானார். லூ கெரிக் வீசியடித்துத் தவறவிட்டார். அந்தப் பந்திலேயே பேஸில் நின்ற இருவரும் ஓடி மூன்றாவது, இரண்டாவது பேஸ்களைத் திருடிவிட்டார்கள், அதாவது அடி விழாமலேயே அடுத்த பேஸுக்குப் போய்விட்டார்கள். ஆக, ஜிம்மி ஃபாக்ஸ் வந்தபோது ஒரு சாதாரண அடியே இரண்டு ரன்களைத் தந்திருக்கும். அவரும் ஸ்ட்ரைக் அவுட். இரண்டாவது இன்னிங்ஸின் தொடக்கத்தில் அல் சிம்மன்ஸ், ஜோ குரோனின் ஆகிய இருவரும் அதே வழியில் வெளியேறினர். அதன்பின் பில் டிக்கி ஒரு நல்ல அடி அடித்து அந்த வரிசையை முறித்தார்.

முதல் ஐவர் என்று சொல்லும்போது அந்த இரண்டு ஓட்டக்காரர்கள் கதையிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. மூன்றாவது ஆட்டக்காரரிலிருந்து தொடங்கியது என்பதால்தான் இந்தச் சாதனைக்கு இவ்வளவு கனம்.

கே: ஸ்க்ரூபால் என்பது எப்படிப்பட்ட பந்து?

ப: வழக்கமான கர்வ் பந்தில் மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புமோ, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் மணிக்கட்டைத் திருப்பி வீசப்படும் பந்து இது. லெக் ஸ்பின்னர் திடீரென்று கூக்ளி வீசினால் பந்து எதிர்பாராத பக்கம் திரும்புவதைக் கிரிக்கெட் ரசிகர்கள் அறிவார்கள். மட்டையாளரை ஏமாற்றும் வகையில் இதுவும் அதற்கு உறவுதான். இடக்கை வீச்சாளரின் கர்வ் பந்து வலக்கை மட்டையாளரை நோக்கி உள்ளே வரும்; ஸ்க்ரூபாலோ அவரை விட்டு வெளியே விலகிக் கீழே இறங்கும். அந்த ஐவரில் ஃபாக்ஸ், சிம்மன்ஸ், குரோனின் மூவரும் வலக்கை ஆட்டக்காரர்கள். ரூத்தும் கெரிக்கும் இடக்கைக்காரர்கள் என்பதால் அவர்களுக்கு அதே பந்து உள்நோக்கி வந்தது.

இதற்கு ஹப்பெல் கொடுத்த விலை அவருடைய உடம்பில் தெரிந்தது. நம் கைகளைத் தளர்வாகத் தொங்கவிட்டால் உள்ளங்கை தொடையைப் பார்த்திருக்கும். பல்லாயிரம் முறை எதிர்ப்பக்கம் முறுக்கிய ஹப்பெலின் இடக்கையைத் தொங்கவிட்டால் உள்ளங்கை வெளிப்பக்கமாகத் திரும்பி நிற்கும். 1938இல் முழங்கையில் அறுவை சிகிச்சையும் செய்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்கு முன்பே 1936, 1937 ஆகிய இரு பருவங்களிலும் சேர்த்துத் தொடர்ச்சியாக 24 வெற்றிகளைக் குவித்திருந்தார்.

கே: வீழ்ந்த ஐவரும் பேஸ்பால் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றவர்கள் என்பது சரியா?

ப: சரி. ஆனால் அந்த ஆட்டம் நடந்த நாளில் அப்படியொரு மண்டபமே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரில் உள்ள அந்த மண்டபத்துக்கு முதல் தேர்வு 1936இல் நடந்தது. கட்டடம் 1939இல் திறக்கப்பட்டது. பின்னாளில் பெற்ற பட்டத்தை வைத்து அன்றைய ஆட்டத்தை எடைபோட வேண்டியதும் இல்லை, ஏனெனில் 1934ஆம் ஆண்டிலேயே அவர்கள் யார் என்பது அரங்கில் இருந்த 48,363 பேருக்கும் தெரியும். ரூத் அப்போது 39 வயதில், யாங்கீஸ் அணிக்காக ஆடிய கடைசிப் பருவத்தில் இருந்தார். ஆனாலும் இந்த ஆட்டம் முடிந்த மூன்றாம் நாள் டெட்ராய்ட்டில் தம் 700ஆவது ஹோம் ரன்னை (ஒரே அடியில் எல்லா பேஸ்களையும் சுற்றிவந்து எடுக்கும் ரன்) அடித்தார். ஃபாக்ஸ் முந்தைய ஆண்டில் அடி சராசரி, ஹோம் ரன், ஈட்டித்தந்த ரன் ஆகிய மூன்றிலும் முதலிடம் பெற்றவர். கெரிக் அதே மும்மணிப் பெருமையை அந்த ஆண்டின் முடிவில் பெறவிருந்தார்.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. அன்று அமெரிக்கன் லீக்கின் தொடக்க அணியில் இருந்த ஒன்பது பேரும், வீச்சாளர் லெஃப்டி கோமெஸ் உட்பட, பின்னர் புகழ்மண்டபத்தில் சேர்ந்தார்கள். நேஷனல் லீக்கின் ஒன்பது பேரில் எட்டுப் பேர் சேர்ந்தார்கள். பதினெட்டுப் பேரில் விடுபட்டவர் ஒருவரே. முதல் இன்னிங்ஸில் பந்தைத் தடுமாறவிட்ட அதே வாலி பெர்கர்.

கே: போலோ கிரவுண்ட்ஸில் போலோ ஆடினார்களா?

ப: இந்த மைதானத்தில் இல்லை. ஜயன்ட்ஸ் அணி முன்பு ஆடிய இடம் உண்மையாகவே போலோ ஆடப்பட்ட திடல். அணி இடம் மாறியபோது பெயரும் கூடவே வந்துவிட்டது. 1964இல் இந்த அரங்கையும் இடித்துவிட்டார்கள்.

கே: ஹப்பெலின் சாதனையை யாராவது சமன் செய்திருக்கிறார்களா?

ப: 1986இல் ஹூஸ்டனில் நடந்த ஆட்டத்தில் ஃபெர்னாண்டோ வலென்சுவேலா தொடர்ந்து ஐந்து பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அவரும் இடக்கை வீச்சாளர், அவருடைய ஆயுதமும் ஸ்க்ரூபால். ஹப்பெல் அப்போது உயிரோடிருந்தார் என்பது மனத்துக்கு இதமளிக்கும் செய்தி. 1999இல் பாஸ்டனில் பெட்ரோ மார்ட்டினெஸ் முதல் நான்கு பேரையும் வரிசையாக வீழ்த்தினார்; ஐந்தாவதாக வந்தவர் களத்தடுப்புப் பிழையால் பேஸை அடைந்ததால் அந்த வரிசை நின்றுபோனது. ஆட்டத்தின் ‘முதல்’ ஆட்டக்காரர்கள் என்ற சொல் பொருந்துவது மார்ட்டினெஸுக்குத்தான். காலப்போக்கில் அது ஹப்பெலின் கதையோடு கலந்திருக்கவும் கூடும்.

கே: இவ்வளவு சிறப்பாக வீசியும் ஹப்பெலின் அணி தோற்றது என்கிறார்களே, எப்படி?

ப: பலரும் கேட்க மறக்கும் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். ஹப்பெல் மூன்று இன்னிங்ஸ் வீசினார். இரண்டு அடிகள் மட்டும் விட்டுக்கொடுத்து, கோமெஸையும் சேர்த்து ஆறு பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, ஒரு ரன்கூடத் தராமல் திரும்பினார். ஃப்ராங்கி ஃப்ரிஷ் முதல் இன்னிங்ஸிலேயே அடித்த ஹோம் ரன்னாலும், ஜோ மெட்விக் மூன்றாவது இன்னிங்ஸில் அடித்த மூன்று ரன் ஹோம் ரன்னாலும் நேஷனல் லீக் 4–0 என்று முன்னிலையில் இருந்தது. ஹப்பெல் ஓய்வுக்குச் சென்றதும் அமெரிக்கன் லீக் நான்காவது இன்னிங்ஸில் இரண்டு, ஐந்தாவதில் ஆறு என எட்டு ரன்கள் குவித்தது. கிளீவ்லாந்தின் ஏர்ல் அவெரில் அன்று மூன்று ரன்களை ஈட்டித்தந்தார்.

ஐந்தாவது இன்னிங்ஸின் பின்பாதியில் நேஷனல் லீக் திருப்பித் தாக்கியது. அமெரிக்கன் லீக்கின் வீச்சாளர் ரெட் ரஃபிங் அந்த இன்னிங்ஸில் ஒருவரைக்கூட வெளியேற்ற முடியாமல் திணறியபோது, 24 வயதான வீச்சாளர் மெல் ஹார்டரை அழைத்தார் மேலாளர் ஜோ குரோனின். ஹப்பெலிடம் ஐந்தாவதாக வீழ்ந்தவரும் இந்தக் குரோனினேதான். பை டிரெய்னர் ஹோம் பேஸையே திருடி ஒரு ரன் சேர்க்க, எண்ணிக்கை 8–7 ஆனது. அதோடு நேஷனல் லீக்கின் கணக்கு முடிந்தது. ரூத்தையும் கெரிக்கையும் பார்க்க வந்திருந்த கூட்டத்தின் முன் ஹார்டர் ஐந்து இன்னிங்ஸ் முழுவதும் வீசி, ஒரே ஒரு அடியை மட்டும் விட்டுக்கொடுத்தார். இறுதியில் 9–7 என அமெரிக்கன் லீக் வென்றது. வெற்றி பெற்ற வீச்சாளர் என்று பதிவேட்டில் இருக்கும் பெயர் அவருடையது.

ஹப்பெலின் புகழில் ஒரு குன்றிமணி அளவும் குறைக்க எனக்கு மனமில்லை. எனினும் 1934 என்றதும் ஐந்து ஸ்ட்ரைக் அவுட்டுகளைச் சொல்லும் நாம், ஐந்து இன்னிங்ஸ்களையும் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து. ஹார்டர் 1934 முதல் 1937 வரை நான்கு ஆல் ஸ்டார் ஆட்டங்களில் மொத்தம் 13 இன்னிங்ஸ் வீசி, தம் கணக்கில் ஒரு ரன்கூட ஏறவிடவில்லை. கிளீவ்லாந்து அணிக்காக மட்டுமே இருபது பருவங்கள் ஆடி 223 வெற்றிகள் பெற்றார். பின்பு அதே அணியின் பயிற்சியாளராகி, களத்தடுப்பாளராக இருந்த பாப் லெமனைப் பெரும் வீச்சாளராக வளர்த்தெடுத்தார். லெமன் புகழ்மண்டபத்தில் இருக்கிறார், ஹார்டர் இல்லை. கிளீவ்லாந்தின் பெரிய அரங்கில் 1932இல் முதல் பேஸ்பால் ஆட்டம் நடந்தபோது பந்து வீசியவர் ஹார்டர். 1993 அக்டோபரில் அங்கே கடைசி ஆட்டம் முடிந்ததும், விடைபெறும் பந்தை வீச 83 வயதான அவரையே அழைத்தார்கள்.