கேள்வி பதில்: ஆள் தொடாமல் லினக்ஸ் நிறுவும்போது விஎம் எங்கே முட்டுகிறது?

விர்ச்சுவல் மெஷினில் (விஎம், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய இன்னொரு கணினி) லினக்ஸைத் தானாக நிறுவ முயன்று பாதியில் நின்றவர்கள் கேட்ட கேள்விகள் இவை. எந்தக் கேள்விக்கும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்று: இன்ஸ்டாலர் கேட்கும் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதிவைத்த விடைக்கோப்பு அதன் கைக்குப் போனதா, இல்லையா? போகாத கோப்பில் பிழை தேடியே பலருக்கு ஒரு நாள் போய்விடுகிறது.

கேள்வி: அண்ணா, லினக்ஸில் விஎம் ஓட்டும் வசதியான கேவிஎம்-மில், ரெட் ஹேட் குடும்பத்து ராக்கி லினக்ஸ் 9 போடுகிறேன். கிக்ஸ்டார்ட் கோப்பு (ரெட் ஹேட் குடும்பத்தின் விடைக்கோப்பு) என் லேப்டாப்பில், பைத்தானின் சின்ன வெப் சர்வரில், 8000-ஆம் போர்ட்டில் இருக்கிறது. பிரவுசரில் திறக்கிறது. இன்ஸ்டாலரோ வழக்கமான மெனுவைக் காட்டி நிற்கிறது.

பதில்: தம்பி, வெப் சர்வர் ஓடும் டெர்மினலைப் பாருங்கள். யார் கோப்பைக் கேட்டாலும் அங்கே ஒரு வரி விழும். விஎம்-மிலிருந்து ஒரு வரிகூட விழவில்லை, பிழைச்செய்தியும் இல்லாமல் மெனு வந்துவிட்டது என்றால் பூட் வரியை, அதாவது பூட் ஆகும்போது கெர்னலுக்கும் இன்ஸ்டாலருக்கும் விருப்பங்களைக் கொடுக்கும் வரியை, சந்தேகப்படுங்கள். பழைய குறிப்புகளில் கிக்ஸ்டார்ட் கோப்பின் முகவரிக்கு முன்னால் ‘கேஎஸ்’ என்று மட்டும் இருக்கும். 9-ஆம் பதிப்பில் அதற்கு முன்னால் ‘இன்ஸ்ட்’ என்ற சொல்லும் ஒரு புள்ளியும் கட்டாயம். இல்லாவிட்டால் இன்ஸ்டாலர் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

அது சரியாக இருந்தால் அடுத்தது முகவரி. ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று கொடுத்தால் விஎம் தன்னையே கேட்டுக்கொள்ளும். கேவிஎம்-மை நிர்வகிக்கும் லிப்விர்ட்டின் வழக்கமான நெட்வொர்க்கில் உங்கள் லேப்டாப்பின் முகவரி 192.168.122.1; விர்ச்சுவல்பாக்ஸின் நேட் அமைப்பில் (விஎம் லேப்டாப்பின் வழியாக வெளியே போவது) 10.0.2.2.

முகவரியும் சரி என்றால் ஃபயர்வால். ஃபயர்வால்டி (ஃபயர்வாலை நடத்தும் சேவை) ஓடும் மெஷினில் லிப்விர்ட்டுக்குத் தனி ஸோன், அதாவது தனி விதித்தொகுப்பு, உண்டு. அது டிஹெச்சிபி, டிஎன்எஸ், எஸ்எஸ்ஹெச் போன்ற சிலவற்றை மட்டும் உள்ளே விடும், 8000-ஐ விடாது. பிரவுசரில் திறப்பது எதையும் நிரூபிக்காது, ஏனென்றால் அந்தக் கோரிக்கை லேப்டாப்பை விட்டு வெளியே போகவே இல்லை. ‘லிப்விர்ட்’ ஸோனில் 8000 டிசிபி-யைத் திறந்துவிடுங்கள்.

டெர்மினலில் 404 விழுந்தால் பாதை தப்பு. 200 விழுந்தால் கோப்பு போய்ச் சேர்ந்துவிட்டது, இனி குறை கோப்புக்குள்தான். பைகிக்ஸ்டார்ட் பொதியில் வரும் கேஎஸ்-வேலிடேட்டரை ஓட்டினால் தப்பான வரியின் எண்ணையே சொல்லும்.

நெட்வொர்க்கே வேண்டாம் என்றால் இதைவிட நல்ல வழி இருக்கிறது. ‘கேஎஸ்.சிஎஃப்ஜி’ என்ற பெயரில் கோப்பை ஒரு சின்ன ஐஎஸ்ஓ-வில் போட்டு, அதன் வால்யூம் லேபிளைப் பெரிய எழுத்தில் ‘ஓஇஎம்டிஆர்வி’ என்று வைத்து, இரண்டாவது சிடியாக மாட்டுங்கள். ராக்கியின் இன்ஸ்டாலரான அனகோண்டா அதைத் தானே கண்டுபிடித்து எடுத்துக்கொள்ளும். பூட் வரியைத் தொட வேண்டியதில்லை.

கேள்வி: டிஸ்க் 40 ஜிபி, ரேம் 2 ஜிபி. நெட்வொர்க் வழியாக நிறுவும்போது ‘டிவைஸில் இடமில்லை’ என்று தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது. டிஸ்க் காலியாகத்தானே இருக்கிறது?

பதில்: இடமில்லாமல் போனது ரேமில். நெட்வொர்க் நிறுவலில் இன்ஸ்டாலரின் இரண்டாம் கட்டப் படிமம் முழுவதும் ரேமுக்குள் இறங்குகிறது. ரெட் ஹேட் 9-க்கு சிடியிலிருந்து என்றால் 1.5 ஜிபி, ஹெச்டிடிபி, எஃப்டிபி போன்ற நெட்வொர்க் வழியில் என்றால் 3 ஜிபி குறைந்தபட்சம். நிறுவி முடியும்வரை 4 ஜிபி கொடுங்கள், பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: அதே ஐஎஸ்ஓ, அதே கிக்ஸ்டார்ட். விஎம்-களை ஓட்டும் ஒரு பழைய பிராக்ஸ்மாக்ஸ் சர்வரில் மட்டும் பூட் ஆகும்போதே கெர்னல் பேனிக் (லினக்ஸின் மையமே செயலிழந்து நிற்பது).

பதில்: சீரியல் கன்சோலில் (விஎம்-மின் செய்திகளை எழுத்தாகக் காட்டும் இடம்) பேனிக்குக்கு மேலே உள்ள வரிகளைப் படியுங்கள். ‘எக்ஸ்86-64-வி2’ என்ற சிபியு கட்டளைத் தொகுதி பற்றி ஜிலிப்சி (லினக்ஸ் நிரல்களின் அடிப்படை நூலகம்) புகார் சொல்லியிருந்தால் குற்றவாளி கோப்பு அல்ல, விஎம்-முக்குக் கொடுத்த சிபியு வகை. ‘கேவிஎம்64’ என்ற பழைய வகையில் அந்தக் கட்டளைத் தொகுதி கிடையாது. ரெட் ஹேட் 9 குடும்பத்துக்கு வி2 வேண்டும், 10-க்கு வி3 வேண்டும். வகையை ‘ஹோஸ்ட்’ என்று மாற்றுங்கள். விஎம்-மை வேறு வேறு தலைமுறை சர்வர்களுக்கு இடையே ஓடும்போதே நகர்த்துவீர்கள் என்றால் ‘ஹோஸ்ட்’ வேண்டாம். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வகையைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: சார், உபுண்டு 22.04-இல் இன்ஸ்டாலர் யூசர்-டேட்டா கோப்பை (உபுண்டுவின் விடைக்கோப்பு) படித்துவிடுகிறது. ஆனாலும் ‘தொடரலாமா, ஆம் அல்லது இல்லை’ என்று கேட்டு நிற்கிறது.

பதில்: பூட் வரியில் ‘ஆட்டோஇன்ஸ்டால்’ என்ற சொல் இல்லை. தெரியாமல் மாட்டிய ஒரு யூஎஸ்பி யாருடைய டிஸ்க்கையும் அழித்துவிடக் கூடாது என்றே அந்தக் கேள்வியை வைத்திருக்கிறார்கள், அது நியாயமான காவல்.

அந்த வரியைத் திருத்தப் போகும்போது இன்னொரு குழியில் விழுவீர்கள், அதனால் இப்போதே சொல்கிறேன். கோப்பின் முகவரியைக் கொடுக்கும் இடத்தில் ‘நோகிளவுட்-நெட்’ என்ற சொல்லுக்குப் பின் ஓர் அரைப்புள்ளி வரும். பூட் லோடரான கிரப் அதைக் கட்டளை முடிந்ததாக எடுத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடும். அந்தப் பகுதி முழுவதையும் மேற்கோள் குறிக்குள் வையுங்கள். பூட் ஆன பிறகு ‘/பிராக்/சிஎம்டிலைன்’ கோப்பைத் திறந்து பார்த்தால் வெட்டுப்பட்டதா என்று கண்ணால் தெரியும்.

யூசர்-டேட்டாவின் முதல் வரி ‘#கிளவுட்-கான்ஃபிக்’ என்றே இருக்க வேண்டும். # குறிக்குப் பின் ஓர் இடைவெளி விழுந்தாலும் அது வெறும் குறிப்புரை ஆகிவிடும். கூடவே வைக்கும் மெட்டா-டேட்டா கோப்பு காலியாக இருக்கலாம், இல்லாமல் இருக்கக் கூடாது. யூசர்-டேட்டா எழுதப்படும் யாமல் வடிவில் டேப் கூடாது.

கேள்வி: அதே உபுண்டுதான். 100 ஜிபி டிஸ்க் கொடுத்தேன், ரூட்டுக்கு (முதன்மை ஃபைல்சிஸ்டம்) ஏறக்குறைய பாதிதான் வந்திருக்கிறது.

பதில்: பழுது இல்லை. எல்விஎம் (டிஸ்க் இடத்தைத் தொகுத்துப் பங்கிடும் முறை) அமைப்பில் 20 முதல் 200 ஜிபி வரை இடம் இருந்தால் பாதியை மட்டும் ரூட்டுக்குக் கொடுத்து மீதியை வால்யூம் குரூப்பில் (தொகுத்த பொது இடத்தில்) விட்டுவைப்பது அதன் வழக்கம். ஸ்டோரேஜ் பகுதியில் லேஅவுட்டுக்குக் கீழே ‘சைஸிங்-பாலிஸி’யை ‘ஆல்’ என்று வையுங்கள். ஏற்கெனவே நிறுவியதை எல்வி-எக்ஸ்டெண்ட் கொண்டு, ஃபைல்சிஸ்டத்தையும் சேர்த்து வளர்க்கும் ‘ஆர்’ விருப்பத்தோடு பெருக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: விஎம்வேரில் ஓடிய கிக்ஸ்டார்ட் கேவிஎம்-மில் ‘டிஸ்க் இல்லை’ என்கிறது.

பதில்: விஎம்வேரில் டிஸ்க் ‘எஸ்டிஏ’, கேவிஎம்-மின் விர்ட்டியோ டிஸ்க்கில் ‘விடிஏ’, என்விஎம்இ கன்ட்ரோலர் என்றால் வேறு பெயர். நெட்வொர்க் கார்டின் பெயரும் இப்படியே மாறும். கோப்பில் பெயரை ஆணியடித்தால் விஎம்-மை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசர் மாறும்போதெல்லாம் உடையும். ஒரே டிஸ்க் உள்ள விஎம் என்றால் டிஸ்க் பெயரை எழுதாமலே விடலாம். பல டிஸ்க் இருந்தால் நிறுவும் முன்பே ஓடும் ‘பிரீ’ பகுதியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, இருக்கும் டிஸ்க்கைக் கண்டுபிடித்து, பார்ட்டிஷன் வரிகளை ‘/டெம்ப்’பில் ஒரு கோப்பாக்கி, அதை ‘இன்க்லூட்’ செய்யுங்கள். நெட்வொர்க்குக்கு டிவைஸ் இடத்தில் ‘லிங்க்’ என்று எழுதினால் கேபிள் உயிரோடு இருக்கும் முதல் கார்டை எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: டெபியனில் பிரீசீட் (டெபியனின் விடைக்கோப்பு) கொடுத்தும் மொழியும் கீபோர்டும் கேட்கிறது.

பதில்: நெட்வொர்க் எழும் முன்பே அந்தக் கேள்விகள் வந்துவிடுகின்றன, கோப்பு அப்போது கைக்கு வந்திருக்காது. பூட் வரியில் ‘ஆட்டோ’வை ‘ட்ரூ’ என்றும் ‘பிரையாரிட்டி’யை ‘கிரிட்டிக்கல்’ என்றும் கொடுங்கள். கேள்விகள் கோப்பு வரும்வரை தள்ளிப்போகும்.

கேள்வி: நிறுவி முடிந்து ரீபூட் ஆனதும் மறுபடி முதலிலிருந்து நிறுவத் தொடங்குகிறது.

பதில்: சிடி முதலில் பூட் ஆகிறது. பூட் வரிசையில் டிஸ்க்கை முதலிலும் சிடியை இரண்டாவதாகவும் வையுங்கள். காலி டிஸ்க் பூட் ஆகாததால் முதல் முறை தானாகச் சிடிக்குப் போகும்; அடுத்த முறை டிஸ்க்கிலேயே எழும். கிக்ஸ்டார்ட்டில் ‘ரீபூட்’டுக்குப் பதில் ‘பவர்ஆஃப்’ எழுதினால், அணைந்து கிடக்கும் விஎம்-மைப் பார்த்தே வேலை முடிந்தது என்று உங்கள் ஸ்கிரிப்ட்டும் தெரிந்துகொள்ளும்.