மரக்கோப்பைத் தண்ணீரும் கிளினிக் குளிசையும்: கேள்வி பதில்

திருகோணமலைப் பக்கம் 28 வருடம் மருந்தாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வைத்தியர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வுக்குப் பிறகு ஆராய்ச்சிக் கட்டுரைகள் வாசிப்பது பழக்கமாகிவிட்டது; வீட்டில் இதைப் பைத்தியம் என்கிறார்கள். மருந்து, மூலிகை, கணனி மூன்றிலும் புதிதாக என்ன நடக்கிறது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி "இதைக் குடிக்கலாமா?" என்பதுதான். சரி, அங்கிருந்தே தொடங்குவோம்.

கேள்வி (உப்புவெளி): சேர், எனக்கு ஆறு வருடமாகச் சீனி வருத்தம். மகன் கொழும்பிலிருந்து கொத்தலஹிம்புட்டு மரக்கோப்பை வாங்கி வந்தான். இரவில் தண்ணீர் ஊற்றி வைத்து விடிய வெறும் வயிற்றில் குடிக்கிறேன். குளிசையைக் குறைக்கலாமா?

பதில்: குறைக்க வேண்டாம் அக்கா. ஆனால் கோப்பையைத் தூக்கி எறியவும் வேண்டாம், அதில் விஷயம் இருக்கிறது. தமிழில் பொன்கொரண்டி என்கிற கொடி அது. அதிலுள்ள சலாசினோல் என்ற சேர்வையை 1990களில் ஜப்பானியர்கள் பிரித்தெடுத்தார்கள். நாம் சாப்பிடும் சோற்று மாவைக் குடலில் குளுக்கோசாக உடைக்கும் நொதியத்தை அது தடுக்கிறது. இலங்கையிலேயே 51 நோயாளிகளுக்கு இந்த மூலிகை சேர்ந்த தேயிலையையும் போலித் தேயிலையையும் மாற்றி மாற்றிக் கொடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2005இல் வெளிவந்தது. மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி கொஞ்சம் இறங்கியது. கொஞ்சம்தான்.

அது வேலை செய்யும் இடம் குடல், வேலை செய்யும் பொருள் சோறு. அப்படியானால் விடிய வெறும் வயிற்றில் குடிப்பதால் எவ்வளவு பிரயோசனம்? அடுத்தது கோப்பை. புதிதில் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இறங்கும். ஆறு மாதம் போனால் கிணற்றுத் தண்ணீரும் கோப்பைத் தண்ணீரும் ஒரே நிறம். முதல் நாள் குடித்த அளவு என்ன, இன்று குடிக்கிற அளவு என்ன என்று உங்களுக்கும் தெரியாது, கிளினிக் வைத்தியருக்கும் தெரியாது. ஆய்வில் எல்லோருக்கும் அளந்து கொடுத்தார்கள்; வித்தியாசம் அதுதான்.

கிளிக்ளசைட் மாதிரிக் குளிசையும் போடுகிறீர்கள் என்றால் இன்னொன்று. சீனி திடீரென இறங்கிக் கை நடுங்கி வியர்த்தால் நாம் சீனித் தண்ணீர்தானே குடிப்போம்? இந்த மூலிகை அந்தச் சீனியை உடைக்கும் நொதியத்தையும் தடுப்பதால் அது மெதுவாகத்தான் ஏறும். பார்மசியில் விற்கும் குளுக்கோஸ் தூள் ஒரு பக்கட் வீட்டில் வையுங்கள். கோப்பைத் தண்ணீர் குடிப்பதை கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். வைத்தியர் ஏசினாலும் பரவாயில்லை.

கேள்வி (கிண்ணியா): 2017இல் டெங்கு வந்தபோது என் வாப்பாவுக்குப் பப்பாசி இலைச் சாறு கொடுத்துத்தான் பிளேட்லட் ஏறியது. ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

பதில்: அந்த வருடத்தை யார் மறப்பது? நாடு முழுக்க 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு, முதலில் அடிபட்ட இடங்களில் கிண்ணியாவும் ஒன்று. பப்பாசி இலைச் சாறு கொடுத்தவர்களுக்குப் பிளேட்லட் சற்று வேகமாக ஏறியதாக மலேசியாவில் 228 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2013இல் வந்தது. அதனால் உங்கள் அனுபவத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆபத்தான நாட்கள் கழிந்தால் சாறு குடிக்காதவருக்கும் பிளேட்லட் தானாக ஏறும். டெங்குவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் பிளேட்லட் குறைவதும் இல்லை. இரத்தக் குழாயிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசிவதுதான். அதைச் சாறு நிறுத்துகிறது என்று யாரும் காட்டவில்லை. வாப்பா பிழைத்தது வார்டில் தாதிமார் மணிக்கு மணி நாடி பார்த்து, சிறுநீர் அளந்து, சேலைன் ஏற்றியதால் என்றுதான் நினைக்கிறேன். காய்ச்சல் விட்ட அன்றைக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும், அன்று சாறை நம்பி வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

டெங்குவில் நான் நம்பிக்கையோடு பார்ப்பது நுளம்பு ஆராய்ச்சியை. வொல்பாக்கியா என்ற பற்றீரியாவைச் சுமக்கும் நுளம்புகளை இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் விட்டுப் பார்த்தார்கள். டெங்கு 77 வீதம் குறைந்தது என்று 2021இல் முடிவு வந்தது.

கேள்வி (கோணேசபுரி, கணனி மாணவர்): ஆல்ஃபாஃபோல்ட் மாதிரியான செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, எங்கள் சித்த மூலிகைகளை அதில் போட்டு மருந்து கண்டுபிடிக்க முடியாதா? கடைசி வருடச் செயற்திட்டமாகச் செய்ய ஆசை.

பதில்: சித்த மருத்துவமும் கணனி விஞ்ஞானமும் ஒரே திருகோணமலை வளாகத்தில் இருக்கும்போது இந்தக் கேள்வி வராவிட்டால்தான் அதிசயம். ஆனால் தம்பி, ஆல்ஃபாஃபோல்டின் அடிப்படை வேலை ஒன்றுதான். ஒரு புரதத்தின் அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் அது எப்படி மடிந்து நிற்கும் என்று கணிக்கும். முன்பு ஒரு புரதத்தின் வடிவத்தைப் பிடிக்கவே சிலருக்குக் கலாநிதிப் பட்டக் காலம் முழுக்கப் போய்விடும். 2022இல் 20 கோடிக்கு மேற்பட்ட கணிப்புகளை இலவசமாகத் திறந்துவிட்டார்கள். 2024இல் இரசாயனவியல் நோபல் பரிசின் பாதி இதைச் செய்த டெமிஸ் ஹசாபிஸ், ஜோன் ஜம்பர் இருவருக்கும் போனது. மறுபாதி, இயற்கையில் இல்லாத புரதங்களைக் கணனியில் வடிவமைக்கும் டேவிட் பேக்கருக்கு. அவர் கீழே பாம்புக் கேள்வியில் மறுபடி வருவார்.

மூலிகையில் மருந்தாக நாம் தேடுவது பெரும்பாலும் புரதத்தை இல்லை, சின்னச் சின்ன மூலக்கூறுகளை. அதற்கான பட்டியல் சென்னைக் கணித அறிவியல் கழகத்தில் தொகுத்த இம்பாட் என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது: 4,010 செடிகள், ஏறக்குறைய 18,000 சேர்வைகள். நம் வேலியோரத்துச் செடிகளும் பல அதில் உண்டு. அங்கிருந்து ஒரு மூலக்கூறை எடுத்து ஒரு புரதத்தோடு பொருத்திப் பார்த்தால் கணனி ஒரு மதிப்பெண் தரும். அந்த மதிப்பெண்ணை மருந்து என்று எண்ணிவிடுவதுதான் பிழை. கொரோனா காலத்தில் நிலவேம்பு, துளசி, அதிமதுரம் எல்லாமே வைரஸ் புரதத்தோடு 'நன்றாகப் பொருந்தின' என்று கட்டுரைகள் மழையாகக் கொட்டின. குடலில் உறிஞ்சப்படுமா, ஈரல் அதை உடைத்துவிடுமா, தேவையான அளவு நுரையீரலுக்குப் போகுமா என்று பார்த்தவை மிகச் சில.

நல்ல உதாரணம் வேண்டுமா? 2020இல் அமெரிக்காவின் எம்ஐடி குழு செய்ததைப் பாருங்கள். 2,335 மூலக்கூறுகளை உண்மையான பற்றீரியா மீது சோதித்து, எது வளர்ச்சியைத் தடுத்தது, எது தடுக்கவில்லை என்ற விடைகளைக் கொண்டு கணனிக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு அது பார்த்திராத 6,000 சேர்வைகளைக் காட்டினார்கள். அது காட்டிக்கொடுத்தது, ஒரு காலத்தில் சீனி வருத்தத்துக்கென்று ஆராய்ந்து கைவிட்ட ஒரு சேர்வையை. ஹாலிசின் என்று பெயர் வைத்தார்கள். மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களை அது சோதனைக் கோப்பையிலும் கொன்றது, எலியிலும் கொன்றது. அப்படியிருந்தும் அதை எந்தப் பார்மசியிலும் வாங்க முடியாது. தேடல் சில நாளில் முடிந்தது. மனித உடம்பில் நிரூபிப்பதற்குக் குறுக்கு வழி இன்னும் வரவில்லை.

செயற்திட்டத்துக்கு என்னைக் கேட்டால், இலையைப் படம் பிடித்தால் எந்தச் செடி என்று சொல்லும் ஒரு செயலியைச் செய்யுங்கள். கேட்கச் சின்ன வேலைபோல் இருக்கும். ஏன் சொல்கிறேன் என்பதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி (தம்பலகாமம்): வயலில் பாம்புக்கடிதான் எங்கள் பயம். கணனியில் விஷமுறிவு செய்துவிட்டார்களாமே, எப்போது இங்கே வரும்? அதுவரை கைவசம் ஈஸ்வரமூலி வைத்திருக்கலாமா?

பதில்: செய்தி உண்மை, ஆனால் பாதி. நாகம், கண்டங்கருவளை மாதிரியான பாம்புகளின் விஷத்தில் மூன்று விரல் நீட்டியதுபோல மடிந்த நச்சுப் புரதங்கள் இருக்கின்றன. அவற்றைக் கவ்விப் பிடிக்கும் புரதங்களை பேக்கரின் குழு கணனியில் வடிவமைத்து 2025 ஜனவரியில் வெளியிட்டது. கொல்லும் அளவு நச்சு கொடுத்த எலிகள் பிழைத்தன. எலிகள், அதுவும் தனி நச்சு. உங்கள் வரம்பில் கிடக்கிற கண்ணாடிப் புடையனின் விஷம் வேறு வகை, இரத்தம் உறைவதைக் குழப்புவது. அதற்கு இது பொருந்தாது.

இப்போது நமக்கு இருப்பது இந்தியப் பாம்பு விஷத்தைக் குதிரைக்கு ஏற்றி எடுக்கும் மருந்து. அது ஒத்துக்கொள்ளாமல் போவது இங்கே சர்வசாதாரணம். இலங்கையில் 1,007 நோயாளிகளை வைத்து 2011இல் வெளியான ஆய்வில் நால்வரில் மூவருக்கு ஒவ்வாமை வந்தது. முன்கூட்டியே சிறிதளவு அட்ரினலின் போட்டால் கடுமையானவை நன்றாகக் குறையும் என்று காட்டியதும் அதே ஆய்வுதான். கணனிப் புரதத்தைவிட இந்த மலிவு ஊசி இதுவரை நம் நாட்டில் கூடுதல் உயிர்களுக்கு உதவியிருக்கும்.

ஈஸ்வரமூலி வேண்டவே வேண்டாம் ஐயா. கடித்த காலை அசைக்காமல், இறுக்கிக் கட்டாமல், கீறாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்தக் கொடியிலும் அதன் உறவான ஆடுதின்னாப்பாளையிலும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உண்டு. சிறுநீரகத்தை அழிக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். பெல்ஜியத்தில் உடம்பு மெலிய மூலிகைக் குளிசை சாப்பிட்ட பெண்களுக்கு சிறுநீரகம் கெட்டது 1993இல் வெளிச்சத்துக்கு வந்தது; பிறகு எண்ணிக்கை நூறைத் தாண்டியது. காரணம் என்ன தெரியுமா? சீன மொழியில் ஏறத்தாழ ஒரே பெயர் கொண்ட இரண்டு கிழங்குகள், ஒன்றுக்குப் பதில் மற்றது பொதியில் வந்துவிட்டது. கோணேசபுரித் தம்பி கவனிக்க.

கேள்வி (ஆறாம் கட்டை): காமரங்காச் சாறு சீனிக்கு நல்லதாமே?

பதில்: வேண்டாம். சீனி இறங்கும் என்று தினமும் சாறு குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி நம் நாட்டு வைத்தியர்களே எழுதியிருக்கிறார்கள். அதிலுள்ள ஒக்சலேட்டு சிறுநீரகத்தில் போய்ப் படியும். ஏற்கனவே சிறுநீரகம் பலவீனமானவருக்கு ஒரு பழமே விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோகலாம்.

கேள்வி (சித்த மருத்துவ மாணவி): உங்கள் பதில்களைப் பார்த்தால் மூலிகை என்றாலே பயமுறுத்துவது போல இருக்கிறது. எங்கள் ஏடுகளில் ஒன்றுமே இல்லையா சேர்?

பதில்: இருக்கிறது பிள்ளை, கோபிக்க வேண்டாம். மலேரியாவுக்கு மருந்து தேடிய சீன விஞ்ஞானி டு யூயூ பழைய மருத்துவ நூல்களைத்தான் புரட்டினார். ஒரு செடியின் சாற்றைக் கொதிக்க வைத்து எடுத்தபோது சில நேரம் வேலை செய்தது, சில நேரம் இல்லை. நாலாம் நூற்றாண்டு நூல் ஒன்றில், அந்தச் செடியை ஒரு கைப்பிடி தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்று இருந்தது. கொதிக்கவை என்று இல்லை! சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்து, 35 பாகையிலேயே கொதிக்கும் ஈதரில் பிரித்தெடுத்தார். 1971 ஒக்டோபரில் அந்த மாதிரி விலங்குகளில் மலேரியா ஒட்டுண்ணியை முழுதாக அழித்தது. நோயாளிக்குக் கொடுக்குமுன் தானும் சகாக்களும் விழுங்கிப் பார்த்தார்கள். ஆர்ட்டெமிசினின் அப்படி வந்தது, 2015இல் நோபல்.

சாறு, கற்கம், குடிநீர், சூரணம் என்று நம் ஏடுகள் பிரிப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. ஏட்டில் 'ஊறல்' என்று இருப்பதைக் காய்ச்சினால் வேறு மருந்து. திரிகடுகும் அப்படித்தான். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், மஞ்சளின் குர்க்குமின் இரத்தத்தில் சேருவதைப் பல மடங்கு கூட்டுகிறது என்று பெங்களூரில் 1998இல் காட்டினார்கள். அதே பைப்பரின் வலிப்புக் குளிசையின் அளவையும் இரத்தத்தில் கூட்டும், அதையும் படியுங்கள். நான் பயப்படுவது ஏட்டுக்கு இல்லை. 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்கு மருந்து என்று சொன்ன ஒரு பாணிக்காக ஆயிரக்கணக்கில் சனம் கூடி நின்றதே, அந்த வரிசைக்குத்தான் பயப்படுகிறேன்.

கேள்வி (நகரம்): அம்மாவின் மருந்துகளைப் பற்றித் தமிழில் போனில் செயற்கை நுண்ணறிவிடம் கேட்கிறேன். நம்பலாமா?

பதில்: நானும் கேட்டுப் பார்த்தேன். கொத்தமல்லியோடு அவிக்கிறோமே மரமஞ்சள், சிங்களத்தில் வெனிவெல், அது என்ன செடி என்று கேட்டேன். இமயமலைப் பக்கத்து முட்செடி ஒன்றைப் பற்றி அழகான தமிழில் ஒரு பக்கம் எழுதித் தந்தது. இரண்டிலும் பெர்பெரின் உண்டு, இரண்டையும் மரமஞ்சள் என்பவர்கள் உண்டு, ஆனால் நம் மரமஞ்சள் காட்டுக்கொடி. தடுமாறாமல் சொன்னதுதான் பயம். சிறுநீரகம் மாற்றியவர் சைக்ளோஸ்போரின் எடுக்கும்போது பெர்பெரின் சேர்ந்தால் அந்த மருந்தின் அளவு ஏறும் என்பது தெரிந்த விஷயம். நான் கேட்காததால் அதுவும் சொல்லவில்லை.

தமிழுக்கு இன்னொரு சிரமம். 'மருந்து' நமக்கு நாலு எழுத்து. கணனியில் அது ஏழு குறி, 21 பைட் (கணனி எழுத்தைச் சேமிக்கும் அலகு). அதே கருத்துள்ள ஆங்கிலச் சொல் நாலு பைட்டில் முடிகிறது. இணையத்தில் தமிழ் எழுத்து குறைவு, அதையும் துண்டு துண்டாக வெட்டித்தான் இந்த இயந்திரங்கள் வாசிக்கின்றன. குளிசையின் பெயரைச் சரியான எழுத்தில் கொடுத்து, விளக்கம் மட்டும் கேளுங்கள். எத்தனை குளிசை, எத்தனை வேளை என்பதை மருந்துப் பையில் எழுதியபடி மட்டும்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவர்): கன்னியா வெந்நீரில் விஞ்ஞானம் ஏதும் இருக்கிறதா?

பதில்: நல்ல கேள்வி, கடைசியில் வந்துவிட்டது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் 1960களில் ஒரு பற்றீரியாவைப் பிடித்தார்கள், 70 பாகை வெப்பத்தில் சுகமாக வாழ்வது. அதன் நொதியம் சூட்டில் கெடாததால்தான் பிசிஆர் சோதனை இவ்வளவு எளிதாயிற்று. கொரோனாவில் உங்கள் மூக்கில் குச்சி விட்டார்களே, அதன் பின்னால் இருந்தது அந்த ஊற்று. நம் ஏழு கிணறும் அவ்வளவு சூடில்லை, குளிக்கிற சூடுதான். அதில் என்னென்ன நுண்ணுயிர் இருக்கிறது என்று பார்க்க உங்கள் விஞ்ஞான டீச்சர் போத்தலோடு கிளம்பினால் எனக்கும் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.