ஒழுங்குமுறை டி செல் என்றால் என்ன? சகாகுச்சி கண்டுபிடித்தது எதை?

நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் சொந்த உடலையே தாக்காமல் அடக்கி வைக்கும் வெள்ளையணு வகைதான் இது. வீட்டு நாய் திருடனைக் கடிக்கலாம், பால்காரரைக் கடித்தால்? அதை அதட்டும் வீட்டுக்காரர் மாதிரி.

இது ஏன் வேண்டும்? டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்கின்றன; அவற்றில் உடலுக்கே எதிரானவற்றை அது களையெடுக்கிறது. ஆனாலும் சில தப்பிவிடும்.

பிறந்து மூன்றாம் நாள் தைமஸ் நீக்கப்பட்ட எலிக்குட்டிகளில், எதிர்ப்பு குறைவதற்குப் பதில், சொந்த உறுப்புகளே தாக்கப்பட்டன. ஜப்பானியரான ஷிமோன் சகாகுச்சி அவற்றுக்கு ஆரோக்கியமான எலிகளின் டி செல்களைச் செலுத்தினார், நோய் வரவில்லை. 'அடக்கும் செல்' என்ற கருத்தையே பலர் கைவிட்ட காலம் அது. மனிதர் விடவில்லை, 1995இல் சிடி25 என்ற புரத அடையாளத்தோடு அந்தச் செல்லைக் காட்டினார்; அதுதான் ஒழுங்குமுறை டி செல். நோபல் 2025இல்தான், மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் இருவருடன்.

அப்புறம், 'எதிர்ப்பு சக்தி கூடக்கூட நல்லது' என்பது தவறு; முதல் வகை நீரிழிவு, அது தன் உடல்மேலேயே பாய்வதால் வருவது.